குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது

2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் வயது வந்த ஒருவர் தம் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். கனடா 2018 அக்டோபரிலேயே வீட்டுக்கு நான்கு செடி என்று அனுமதித்துவிட்டது. ஓரிரு மாகாணங்கள் மட்டும் தனியாகத் தடை வைத்துக்கொண்டன. 2023இல் லக்சம்பர்க்கும் இந்த வரிசையில் சேர்ந்தது. இப்படித் தோட்டத்துக்குள் வந்து சேர்ந்த செடியைப் பற்றி வட ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊன்றியிருக்கிறது. ‘நம் ஊர் குளிரும் ஈரமும் உள்ள ஊர், இங்கே இண்டிகா வகைதான் சரிப்படும்; அது மலைச்செடி, குட்டையாக நிற்கும், சீக்கிரம் முற்றும்’ என்பதே அது. விதைப் பொட்டலத்தின் மேல் இண்டிகா எத்தனை சதவீதம், சாட்டிவா எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். இண்டிகா பங்கு கூடக் கூட வடக்குத் தேசத்துக்குப் பொருந்தும் என்று வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மறுபாதி அக்டோபர் மாதத்தில் அழுகிப்போகிறது. குளிரையும் ஈரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் பிழை தொடங்குகிறது. இந்தியாவில் அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுங்குற்றம். ஆகவே இங்கே யாருக்கும் இது வளர்ப்புக் குறிப்பாகப் பயன்படப் போவதில்லை. ஆனால் ஒரு செடியின் உடலில் அதன் பிறந்த ஊரின் வானிலை எப்படிப் பதிந்திருக்கிறது, அதை மறந்து பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பெயரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1753இல் தாவரவியலர் லின்னேயஸ் ஐரோப்பியச் சணலுக்கு, அதாவது நாருக்காக வளர்த்த கஞ்சாச் செடிக்கு, ‘கன்னாபிஸ் சாட்டிவா’ என்று பெயர் வைத்தார். ‘சாட்டிவா’ என்றால் பயிரிடப்படுவது என்று பொருள். 1785இல் பிரெஞ்சு இயற்கை அறிஞர் லமார்க், இந்தியாவிலிருந்து வந்த செடி வேறு மாதிரி இருப்பதைக் கண்டு அதை ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்று தனி இனமாக்கினார். அவருக்கு அந்த மாதிரியைக் கொடுத்தவர் பியேர் சொன்னேரா. புதுச்சேரியில் இருந்து தென்னிந்தியாவின் செடிகொடிகளையும் பறவைகளையும் பதிவு செய்த பயணி அவர். லமார்க் எழுதிய விவரிப்பைப் படித்தால் இன்றைய விதைக்கடைக்காரர் திகைத்துப் போவார். கிளைகள் நிறைந்தது, தண்டு கெட்டியானது, இலைப் பிளவுகள் ஒடுங்கியவை என்கிறார் அவர். ஒடுங்கிய இலையுள்ள செடியை இன்றைய சந்தை ‘சாட்டிவா’ என்று விற்கிறது! இன்று இண்டிகா என்று விற்கப்படும் அகன்ற இலைக் குட்டைச்செடியை லமார்க் பார்த்ததற்குச் சான்றில்லை. அது ஆப்கானிஸ்தான் செடி. 1970களில் அமெரிக்கத் தாவரவியலர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸ் ஆப்கானிஸ்தானுக்குப் போய், அங்கே கண்ட அகன்ற இலைச் செடிகளுக்கு இந்தப் பழைய பெயரைப் பொருத்தினார். அந்தக் காலத்தில்தான் ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர்கள் தரைவழியாகக் காபூல் வரை வந்து திரும்பினார்கள். அவர்களோடு விதையும் மேற்கே போனது, பெயரும் போனது. ஆகவே ‘இண்டிகா’ என்ற சொல்லில் இந்தியாவும் சரியாக இல்லை, குளிரோ ஈரமோ துளியும் இல்லை.

பெயரை விட்டுவிட்டு அந்த ஆப்கான் செடியின் ஊரைப் பார்ப்போம். இந்துகுஷ் மலையின் வடக்குச் சரிவு இறங்கி முடியும் சமவெளியில் மஸார்-இ-ஷரீப் இருக்கிறது. அங்கே சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெய்து முடிந்துவிடும். கோடையும் இலையுதிர் காலமும் வறண்டு கிடக்கும். வயலுக்கு வாய்க்கால் தண்ணீர். வானத்திலிருந்து ஒன்றும் வராது. செடி பூப்பதும் முற்றுவதும் இந்த வறண்ட மாதங்களில்தான். இரவு குளிரும், உண்மை. ஆனால் அது உலர்ந்த குளிர். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு செடியின் பூக்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கட்டி போல ஆனாலும் அதற்குத் தண்டனை கிடையாது. பூங்கொத்துக்குள் ஈரம் தங்கினால்தானே அழுகல் வரும்? தண்டனை இல்லாத இடத்தில் மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள்: குட்டை, அடர்த்தி, பிசின். பல தலைமுறைகள் அப்படித் தேர்ந்தெடுத்ததன் விளைவே இன்று ஐரோப்பியத் தோட்டத்தில் நிற்கும் உருவம்.

வறட்சியின் கைரேகையை அந்த ஊரின் தொழில்முறையிலேயே பார்க்கலாம். ஆப்கானிஸ்தானிலும் லெபனானிலும் மொராக்கோவிலும் ஹஷீஷ் எடுக்கச் செடியை அறுத்து நன்றாக உலர்த்தி, துணிமேல் தட்டிச் சலிப்பார்கள். பூவின் மேல் குண்டூசித் தலை போல நிற்கும் பிசின் சுரப்பிகள் காய்ந்து, முறிந்து, மாவு போலக் கீழே விழும். காற்று உலர்ந்திருந்தால்தான் இது நடக்கும். ஈரக் காற்றில் பிசின் ஒட்டிக்கொள்ளும், சல்லடை அடைத்துக்கொள்ளும். இமாச்சலத்திலும் நேபாளத்திலும் அப்படிச் செய்வதில்லை. மழைக்காலம் கடந்து வரும் அந்த மலைகளில், உயிரோடு நிற்கும் செடியின் பூக்களை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்துத் தேய்த்துத் தேய்த்து, கையில் அப்பும் கறுத்த பிசினை உருட்டி எடுப்பார்கள். சரஸ் என்பது அதுதான். ஒரே செடியினம், ஒரே பிசின். ஓரிடத்தில் சல்லடை, இன்னோரிடத்தில் உள்ளங்கை. இடையில் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு காற்றின் ஈரம். சல்லடைக்காகத் தேர்ந்தெடுத்த செடியைத்தான் உலகம் குளிர்-ஈர நாட்டுக்கு ஏற்ற செடி என்று வாங்குகிறது.

அப்படியென்றால் பாதி உண்மை என்று சொன்னது எது? அது வெளிச்சக் கணக்கு. கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். நம் ஊர்ச் சாமந்தியைப் போல, இரவு ஓர் அளவுக்கு மேல் நீண்ட பிறகே பூக்கத் தொடங்கும். அந்த அளவு ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு கணக்குக்காகப் பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்குவதை எல்லையாக வைத்துக்கொள்வோம். மஸார்-இ-ஷரீபில் அந்த நாள் ஜூலை கடைசியில் வந்துவிடும். பெர்லினில் ஜூன் மாதத்து நீண்ட பகல் 16 மணி 50 நிமிடம். அது 14 மணிக்கு இறங்க ஆகஸ்டின் கடைசி வாரம் ஆகிவிடும். ஆக, ஒரே விதை வடக்கே போனால் ஏறத்தாழ நான்கு வாரம் தாமதமாகப் பூக்கிறது. பூக்கத் தொடங்கிய பின் முற்றுவதற்கு ஆப்கான் வகைக்கு எட்டு வாரம் போல ஆகும். அதாவது அக்டோபர் கடைசி. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளின் ஒடுங்கிய இலை ரகங்களுக்கு 12, 14 வாரங்கூட ஆகும். பெர்லினில் அவை முற்றுவதற்குள் நவம்பர் பிற்பாதியோ டிசம்பரோ ஆகிவிடும். வெளித்தோட்டத்தில் அது நடக்காத காரியம். இந்த அளவில் ‘இண்டிகா சீக்கிரம் முற்றும், வடக்குக்கு ஏற்றது’ என்பது சரியே. குட்டைச் செடி காற்றுக்கு ஒடியாது, லேசான இரவுக் குளிருக்குச் சுணங்காது, குளிரில் சில ரகங்களின் இலை ஊதா நிறம்கூடப் பூசிக்கொள்ளும் என்பதும் சரி. ஆனால் சீக்கிரம் முற்றுவது செடியின் காலக்கணக்கு, நெருக்கமாகப் பூப்பது அதன் உடற்கட்டு. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்திருப்பதால் இரண்டும் ஒரே ஊருக்குப் பொருந்திவிடும் என்று நினைப்பதில்தான் சறுக்கல்.

இனி அக்டோபர் இரவுக்கு வருவோம். மாலையில் காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஈரம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் பத்து கிராமுக்குச் சற்று அதிகமான நீராவி இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால், அந்தக் காற்றால் அவ்வளவு நீரைத் தாங்க முடியாது. ஒரு துளி மழை பெய்யாமலேயே இலையிலும் பூவிலும் பனி இறங்கும். காலையில் வெயில் வந்து வெளிப்பக்கத்தை உலர்த்தும். கட்டி போல இறுகிய பூங்கொத்தின் நடுவே வெயிலும் போகாது, காற்றும் போகாது. அங்கே ஈரம் பகல் முழுக்கத் தங்கும். அதற்காகவே காத்திருப்பது போல ஒரு பூஞ்சை இருக்கிறது, பெயர் ‘போட்ரைடிஸ் சினீரியா’. திராட்சையிலும் ஸ்ட்ராபெர்ரியிலும் ரோஜாவிலும் சாம்பல் நிற அழுகலை உண்டாக்குவது அதுவே. இருநூறுக்கும் மேற்பட்ட பயிர்களை அது தின்னும். இதமான குளிர், மேல்தோலில் தங்கிய ஈரம், சாகத் தொடங்கிய ஒரு மெல்லிய திசு, இவை மூன்றும் அதற்குப் போதும். முற்றிய பூவில் வாடிப் பழுப்பேறும் சூல்முடிகள் அந்த மூன்றாவதைக் கொடுத்துவிடுகின்றன. புழு துளைத்த இடம் இருந்தால் இன்னும் வசதி.

இந்த நோயின் கொடுமை அது உள்ளிருந்து வருவதுதான். வெளியே பார்த்தால் பூங்கொத்து கொழுத்து, பிசின் மின்னி, அறுவடைக்கு ஒரு வாரம் இருப்பது போல நிற்கும். அதன் நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளித்திருக்கும். விரலால் பிடித்தால் இழுக்கவே வேண்டாம், கையோடு வந்துவிடும். பிளந்து பார்த்தால் காம்பைச் சுற்றிப் பழுப்பான கூழ். அதன்மேல் சாம்பல் படிந்த பஞ்சு. தொட்டால் புகை போலக் கிளம்பும் வித்துகள் அடுத்த பூவுக்கும் பக்கத்துச் செடிக்கும் போய்விடும். டெல்டா விவசாயிக்கு இந்த வேதனையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. குறுவை முற்றி நிற்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிடுவதையும், 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பதையும் அவர் பார்த்தவர். பயிர் வளர்ந்த காலத்தில் கெடவில்லை. முற்றும் காலம் ஈரத்தோடு மோதியது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டருக்கு மேல், அதில் இலையுதிர் காலத்தின் பங்கு பெரிது. வறட்சியில் முற்றப் பழகிய ஓர் உடற்கட்டு அங்கே தன் கடைசி மூன்று வாரங்களைக் கழிக்கிறது.

ஈரத்தைத் தாங்கும் கஞ்சா உலகில் இல்லாமல் இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையில், இடுக்கி போன்ற பெருமழைப் பகுதியில், காவல்துறை பல பத்தாண்டுகளாக வெட்டி எரித்துவரும் செடி ஒடுங்கிய இலை நாட்டு ரகம். அது உயரமாக வளரும். பூக்கள் கட்டியாக இறுகாமல் நீண்ட கதிரில் இடைவெளி விட்டு அமரும். காற்று ஊடே புகுந்து போகும். தாய்லாந்து மலைகளின் ரகமும் அப்படித்தான். மழை நாடு அடர்ந்த பூவைத் தண்டித்திருக்கிறது, தளர்ந்த பூவைப் பிழைக்க விட்டிருக்கிறது. ஆக, விதைக்கடையின் மொழியில் ஈரத்துக்கு ஏற்றது ‘சாட்டிவா’. அது வடக்கே காலத்தில் முற்றாது. காலத்தில் முற்றுவது ‘இண்டிகா’. அது ஈரத்தில் அழுகும். குளிரும் ஈரமும் சேர்ந்த ஊரில் நிற்கும் தோட்டக்காரர் இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பொட்டலத்தில் அச்சிட்ட சதவீதம் இதிலிருந்து அவரை மீட்காது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். ‘இன்று விற்பது தூய ஆப்கான் செடியே இல்லையே; எல்லாம் கலப்பினம், ஐரோப்பாவுக்கென்றே வளர்த்தெடுத்தது’ என்பார்கள். நியாயமான மறுப்பு. 1970களில் கலிபோர்னியாவில் ஆப்கான் செடியை மெக்சிகோ, கொலம்பியா ரகங்களோடு கலந்து ‘ஸ்கங்க்’ உருவானது. 1980களில் அது நெதர்லாந்து போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டுகளிலேயே ‘நார்தர்ன் லைட்ஸ்’ போன்ற ஆப்கான் சாயல் மிகுந்த ரகங்களும் அங்கே போயின. ஆனால் இந்த ரகங்கள் பிறகு எங்கே தேர்ந்தெடுக்கப்பட்டன என்று கேட்க வேண்டும். நெதர்லாந்தின் 1976 சட்டத் திருத்தம் சிறு அளவு விற்பனையைக் கண்டும் காணாமல் விட்டதே ஒழிய, பயிரிடுவதை அனுமதிக்கவில்லை. பயிர் மாடிக்கும் நிலவறைக்கும் ஒளிந்தது. மின்விளக்கின் கீழ், மின்விசிறிக் காற்றில், தலைமுறை தலைமுறையாக அடர்ந்த பூவுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கேயும் அடர்த்திக்குத் தண்டனை இல்லை. சட்டம் உண்டாக்கிய அறை இன்னொரு மஸார்-இ-ஷரீபாக இருந்தது. வெளித்தோட்டத்துக்கென்று பூசணத்தைத் தாங்கும் செடிகளைத் தேடிய வளர்ப்பாளர்களும் இருந்தார்கள். அவர்கள் ரகங்கள் இன்றும் நன்றாக நிற்கின்றன. அவை நிற்பதற்குக் காரணம் செப்டம்பரிலேயே முற்றுவதும் பூ தளர்வாக இருப்பதும். இண்டிகா பங்கு எத்தனை என்பது அதில் எதையும் தீர்மானிக்கவில்லை. ரஷ்யப் புல்வெளியிலிருந்து 1924இல் விவரிக்கப்பட்ட ‘ருடெராலிஸ்’ வகையைக் கலந்து, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயதுக்குப் பூக்கும் ரகங்கள் வந்திருப்பது இன்னொரு வழி. அவை ஈரத்தோடு மல்லுக்கட்டுவதில்லை; இலையுதிர் காலம் வருமுன்பே கதையை முடித்துக்கொள்கின்றன.

சதவீதக் கணக்கையே ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2015இல் கனடிய ஆய்வாளர்கள் 81 போதை வகை மாதிரிகளையும் 43 சணல் மாதிரிகளையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். சணலும் போதைச்செடியும் தெளிவாகப் பிரிந்து நின்றன. போதைச்செடிகளுக்குள் சொல்லப்பட்ட இண்டிகா-சாட்டிவா விகிதத்துக்கும் உண்மையான மரபுக்கும் இருந்த உறவு சுமார்தான். ஒரே பெயரில் விற்ற சில மாதிரிகள் தங்களுக்குள் ஒத்துப்போவதைவிட வேறு பெயர்க்காரரோடு அதிகம் ஒத்துப்போயின. 2021இல் வந்த இன்னோர் ஆய்வு, அந்தப் பெயர்ப்பட்டி மொத்த மரபணுத் தொகுதியைக் காட்டவில்லை, வாசனை தரும் சில டெர்பீன்களின் அளவோடு மட்டும் தொடர்புடையது என்று கண்டது. மண்வாசனை தரும் மிர்சீன் மிகுந்ததை இண்டிகா என்று அழைக்கும் பழக்கம் இருக்கிறது, அவ்வளவே. வாசனையைக் கொண்டு வைத்த பெயரைப் பார்த்து வானிலைக்குச் செடி தேர்ந்தெடுக்க முடியுமா?

இரண்டாவது மறுப்பு இன்னும் எளிமையானது: ‘ஈரம்தானே தொல்லை, உள்ளே வளர்த்தால் போயிற்று.’ போகிறது, ஆனால் கணக்கு வேறிடத்தில் ஏறுகிறது. செடி வேரால் குடிக்கும் நீரில் பெரும்பகுதியை இலை வழியாகக் காற்றில் விடும். மூடிய அறையில் அந்த நீரை இயந்திரம் வைத்துப் பிழிந்து வெளியேற்ற வேண்டும், பிறகு காற்றைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ வேண்டும். அமெரிக்காவில் உள்ளரங்கக் கஞ்சா பற்றி 2021இல் வெளியான ஆய்வு, ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு, ஊரைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம் என்று கணித்தது. ஒரு கிலோ பூவுக்கு இரண்டு முதல் ஐந்து டன். ஊருக்கு ஊர் வித்தியாசம் இவ்வளவு வருவதற்குக் காரணம் வெளிக்காற்றை அறைக்கேற்ற காற்றாக மாற்றும் செலவும் அந்த ஊர் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதும். இத்தனை செய்தும் பூஞ்சை முழுதாக ஒழிவதில்லை. நெதர்லாந்தில் அரசு மேற்பார்வையில் கட்டுப்பாடான அறைகளில் வளர்த்து மருந்தகத்துக்குப் போகும் கஞ்சாவைக்கூட, நுண்ணுயிர் அகலக் காமாக் கதிர் காட்டித்தான் அனுப்புகிறார்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் பூசணம் பிடித்த பூவைப் புகைத்தால் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை நுரையீரலில் தொற்றும் அபாயம் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருப்பதால், இதைப் பொருள் நஷ்டம் என்று மட்டும் ஒதுக்க முடியாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் பல நாடுகளில் இந்த மருந்தைக் கேட்டு வருகிறார்கள்.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது ஐரோப்பியத் தோட்டத்தில் அழுகும் பூ இல்லை. மேற்கே கலந்து பிசைந்த கலப்பின விதை இப்போது கிழக்கே திரும்பி வருகிறது. மொராக்கோவின் ரிஃப் மலையில் பழைய நாட்டுச் செடியின் இடத்தைப் புதுக் கலப்பினங்கள் பெருமளவு பிடித்துவிட்டன. அவை அதிகத் தண்ணீர் குடிப்பதால் மலைக்கிணறுகள் வறள்வது அங்கே பெரும் பேச்சு. கஞ்சாவின் மகரந்தம் காற்றில் பறப்பது. பல கிலோமீட்டர் போகும். ஒரு பள்ளத்தாக்கில் ஒருவர் புது விதை போட்டால், பக்கத்துப் பள்ளத்தாக்கின் நாட்டு ரகமும் அடுத்த ஆண்டே கலங்கத் தொடங்கும். அப்படிக் கலங்கும்போது போவது எது? எந்த வாரத்தில் பனி இறங்கும், எந்த வாரத்தில் மழை விடும் என்று ஒரு மலை தன் செடிக்குப் பல நூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த கணக்கு. குளிர்-ஈர நாட்டுக்கு நாளை ஒருவர் நேர்மையாக ஒரு ரகம் உருவாக்க நினைத்தால், அவருக்கு வேண்டிய தளர்ந்த பூவும் பூசணம் தாங்கும் குணமும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. நெல்லில் நாம் இதை ஒருமுறை பார்த்துவிட்டோம். வெள்ளத்தில் நிற்கும் ரகம், உப்பு நிலத்தில் விளையும் ரகம் என்று ஊருக்கு ஊர் இருந்தவை காணாமல் போன பிறகு, தனி மனிதர்கள் மூட்டை தூக்கி ஊர் ஊராக அலைந்து மீட்க வேண்டியிருந்தது.

நெல்லுக்கு அப்படி அலைய ஆட்கள் இருந்தார்கள், விதை வங்கிகள் இருந்தன, சட்டம் தடுக்கவில்லை. கஞ்சாவின் நாட்டு ரகத்தைச் சேகரிப்பவர் பெரும்பாலான நாடுகளில் குற்றவாளி; பிடிபட்ட செடி ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் நெருப்புக்குப் போகிறது. இந்தியச் சட்டம் அறிவியல், மருத்துவ நோக்கத்துக்கு அனுமதி அளிக்க இடம் வைத்திருக்கிறது. உத்தராகண்ட் 2018இலேயே போதை குறைந்த சணல் வகையைப் பயிரிட உரிமம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. எரிப்பதற்கு முன் ஒவ்வொரு மலையிலிருந்தும் ஒரு கைப்பிடி விதையை எடுத்து, நாள், இடம், மழை அளவு எழுதிக் குளிர்பெட்டியில் வைக்க ஒரு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு உரிமம் போதும். சொன்னேரா கொடுத்த அந்த ஒடுங்கிய இலைக் காய்ந்த மாதிரி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கப்பட்டு, இன்று பாரிஸில் இருக்கிறது. அதன் உயிருள்ள உறவுகள் இடுக்கியில் இந்த ஆண்டும் மழை நின்றதும் பூக்கும்.